சிறிய நீர்மூழ்கி ஒன்று நம் கரைக்கு வந்தால் முதலில் யாருக்குத் தெரியும்?

வாசகர் கேள்வி, 4.1.2025

சிறப்புப் படையினர் இரண்டு பேராகவோ ஆறு பேராகவோ ஏறிச் செல்லும் சிறிய நீர்மூழ்கிகளை எந்த ரேடாராலும், நீருக்குள் ஒலியால் தேடும் எந்த சோனாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீண்டு கிடக்கும் நம் கரையில் இரவில் ஒன்று வந்து போனாலும் யாருக்கும் தெரியாது என்றுதானே பொருள்? கடல் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். (குளச்சலிலிருந்து ஒரு வாசகர்)

5.1.2025, காலை 5.50

நான் கடற்படையில் இருந்தவன் அல்லன். கடியபட்டணத்தில் பிறந்து, பதினாறு வயது முதல் இருபத்திரண்டு வயது வரை பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுத்து, பிறகு பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்தக் கலங்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன்.

காணொளியில் சொன்னதில் ரேடாரைப் பற்றிய பாதி சரி. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும்; ஆகவே ரேடாரின் அலை கடலுக்குள் இறங்குவதற்கு முன்பே செத்துவிடும். நீருக்கு மேலே தலை காட்டாத எதையும் ரேடார் பார்க்காது. சோனாரைப் பற்றிச் சொன்னது சரியல்ல. அதை இன்று மாலை எழுதுகிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஆட்கள் நீரிலேயே இருப்பார்கள். 1935, 1936 ஆண்டுகளில் டெசேயோ டெசேயி, எலியோஸ் தோஸ்கி என்ற இரண்டு இத்தாலியக் கடற்படைப் பொறியாளர்கள் உருவாக்கிய கலம் அப்படிப்பட்டது. சுமார் ஏழு மீட்டர் நீளமுள்ள, டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் வெடிகலம்) போன்ற ஒன்றின் மேல், குதிரையில் அமர்வதைப் போல இருவர் முன்பின்னாகக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, மூச்சுக் கருவியுடன் போவார்கள். முன்பகுதியில் இருக்கும் வெடியைக் கழற்றி எதிரிக் கப்பலின் அடிவயிற்றில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஓட்டுவதற்கு அடங்காத முரட்டுப் பொருளாக இருந்ததால் அதற்கு அவர்களே 'மயாலே', அதாவது பன்றி, என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படையினர் பல ஆண்டுகள் பயன்படுத்திய மார்க் 8 கலமும் இந்த வகைதான். ஆறு பேர் உள்ளே அமரலாம், மேலே மூடி இருக்கிறது, ஆனால் உள்ளே முழுவதும் கடல்நீர் நிறைந்திருக்கும்.

இரண்டாவது வகை உண்மையான நீர்மூழ்கியே, அளவு மட்டும் சிறியது. உள்ளே காற்று இருக்கும், உடை நனையாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கட்டிய எக்ஸ் வகைக் கலங்கள் 15 மீட்டருக்குச் சற்று மேல் நீளமும் நான்கு பேர் குழுவும் கொண்டவை. விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் குர்சுரா நீர்மூழ்கியின் நீளம் 91 மீட்டர். அதற்குள் நடந்தபோதே எனக்கு மூச்சு முட்டியது. அதில் ஆறில் ஒரு பங்கு நீளத்தில் நான்கு பேர் நாள்கணக்கில் இருந்தார்கள் என்பதை அங்கே நின்றபோதுதான் உடம்பால் புரிந்துகொண்டேன்.

5.1.2025, இரவு 8.30

சோனாரைப் பற்றி.

சிப்பி எடுக்க மூழ்கியவர்கள் எல்லோருக்கும் ஓர் ஒலி தெரியும். பாறையை நெருங்கியதும், சட்டியில் கடுகு பொரிவதைப் போல நான்கு திசையிலிருந்தும் இடைவிடாமல் ஓர் ஒலி கேட்கும். சிறுவனாக இருந்தபோது அது என் காதுக்குள் நடக்கும் ஏதோ கோளாறு என்று பயந்திருக்கிறேன். அது காதின் கோளாறு அல்ல. ஒரு வகைச் சிற்றிறால் தன் கொடுக்கைப் படீரென்று மூடும்போது எழும் ஒலி. ஆயிரக்கணக்கான இறால்கள் ஒரே நேரத்தில் மூடுகின்றன. வெப்பக் கடல்களின் ஆழமில்லாத பகுதிகளில் கடலின் பின்னணி இரைச்சலில் பெரும்பங்கு இதுதான். பேட்டரியில் மெதுவாக ஓடும் சிறிய மோட்டாரின் ஒலி இந்தப் பொரியலுக்குள் எளிதில் அமிழ்ந்துவிடும்.

காதுகொடுத்துக் கேட்பதற்குப் பதிலாக ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் சோனாருக்கும் இங்கே தொல்லைதான். ஒவ்வொரு பாரும் (கடலடிப் பாறைத்திட்டும்), ஒவ்வொரு பாறையும், அலையின் அடிப்பக்கமும் எதிரொலி தரும். ஏழு மீட்டர் உலோகத்தின் எதிரொலி அவற்றுக்கு நடுவில் வரும். ஆழக் கடலில் எளிதாகப் பிடிபடக்கூடியது கரையருகே மறைந்துகொள்வது இதனால்தான். ஆகவே கடினம் என்பது உண்மை. முடியாது என்பது உண்மையல்ல. துறைமுக வாயில்களில் நீச்சல்காரரையே கண்டறியும் சோனார்கள் இப்போது உண்டு.

6.1.2025, பிற்பகல் 2.15

முட்டத்திலிருந்து ஒரு வாசகர், "கருவி இருக்கட்டும், நீருக்குள் வழியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார். இது எல்லாவற்றிலும் நல்ல கேள்வி.

என் அப்பா கரையில் ஒரு மலைமுகட்டையும் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரு கோட்டில் பொருத்தி, வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களைப் பொருத்தி, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கிறது என்று கட்டுமரத்தை நிறுத்துவார். நம் கடற்கரையில் இதைக் கணியம் என்கிறோம். நீருக்குள் கணியம் இல்லை. ஜிபிஎஸ் அலையும் நீருக்குள் வராது. திசைகாட்டியும் கடிகாரமும் வேகமும் மட்டுமே துணை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், குறுக்கே இழுத்தால் இந்தக் கணக்கு முழுவதும் சாயும்.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். கலம் 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. நீவாடு குறுக்காக ஒன்றரை நாட். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஓட்டினால், சேரும் இடம் 3 கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர், பக்கவாட்டில் தள்ளியிருக்கும். குளச்சலைக் குறிவைத்துக் கிளம்பியவர்கள் மண்டைக்காட்டைத் தாண்டிப் போய்த் தலை தூக்குவார்கள். அதனால்தான் இத்தாலியர்கள் இலக்கை நெருங்கும் வரை தலையை நீருக்கு மேலே வைத்துக்கொண்டே போனார்கள். இன்றைய கலங்களில் கடலடியில் ஒலியை மோதவிட்டுத் தன் உண்மையான நகர்வை அளக்கும் கருவி இருக்கிறது. அது இருந்தும், இடத்தை உறுதிசெய்ய ஒரு கம்பத்தையாவது மேலே நீட்டுவது உண்டு. அந்த நேரத்தில் கண்ணுக்கும் ரேடாருக்கும் அது தெரியலாம்.

7.1.2025, இரவு 10.40

குளிரைப் பற்றி எழுதாமல் இந்தப் பொருளைப் பேசுவது நியாயமாகாது.

நம் கடல் ஆண்டின் பெரும்பகுதி 26 முதல் 29 பாகை வெப்பத்தில் இருக்கிறது. குளிக்க இறங்கினால் சுகமாக இருக்கும். ஆனால் சிப்பிப் பாறையில் மூன்று மணி நேரம் மூழ்கி எழுந்தால் பல் கிட்டிவிடும், விரல்கள் மடங்காது, மேலே வந்ததும் வெயிலில் சுடுமணலில் குப்புறப் படுத்தால்தான் உடல் திரும்பக் கிடைக்கும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக நீர் வெப்பத்தைக் கடத்துகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒகி புயலில் கவிழ்ந்த படகுகளைப் பிடித்துக்கொண்டு மிதந்து உயிரோடு திரும்பிய எங்கள் உறவினர் ஒருவர், பசியையும் தாகத்தையும் பற்றிச் சொன்னதைவிட இரவின் குளிரைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். அதுவும் இந்த வெதுவெதுப்பான கடலில்.

இப்போது, நீர் நிறைந்த கலத்துக்குள் அசையாமல் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் உட்கார்ந்து போகிறவரை நினைத்துப் பாருங்கள். நீந்துகிறவருக்காவது தசை அசைவதால் சூடு பிறக்கும். இவருக்கு அதுவும் இல்லை. கரை சேர்ந்த பிறகுதான் இவருடைய உண்மையான வேலை தொடங்குகிறது. விரல் மடங்காத கையால் வெடியைப் பொருத்துவதா, ஆயுதம் தூக்குவதா? ஆட்களை உலர்ந்த அறைக்குள் கொண்டுபோக வேண்டும் என்று படைகள் இத்தனை ஆண்டுகளாக முயல்வதற்கு முதற்காரணம் எதிரியின் குண்டு அல்ல, இந்தக் குளிர்தான்.

மூச்சும் ஒரு பெரும் சிக்கல். குமிழி மேலே வந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விட்ட மூச்சையே சுத்திகரித்துத் திரும்ப இழுக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். அதில் இருப்பது தூய ஆக்சிஜன். தூய ஆக்சிஜனோடு ஆறேழு மீட்டருக்குக் கீழே சென்றால் அதுவே நஞ்சாகி, வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புப் பொடிக்குள் நீர் புகுந்தால் அந்தக் காரக் கரைசல் வாயைச் சுட்டுப் புண்ணாக்கும். நாங்கள் ஒரே மூச்சில் போய்த் திரும்பியவர்கள். எங்களுக்கு இருந்த ஆபத்து வேறு. இருந்தாலும், கீழே இருக்கும்போது மூச்சு ஒத்துழைக்க மறுக்கும் அந்த நொடி எங்களுக்குத் தெரியும்.

9.1.2025, காலை 6.10

மயாலேக்கள் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் நடத்திய தாக்குதலை விவரமாக எழுதும்படி மூவர் கேட்டிருக்கிறார்கள்.

1941 டிசம்பர் 18 இரவு. போர்கேசே தலைமையிலிருந்த ஷிரே என்ற இத்தாலிய நீர்மூழ்கி, எகிப்தின் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்கு வெளியே மூன்று மயாலேக்களை இறக்கிவிட்டது. ஆறு பேர். துறைமுக வாயிலில் தடுப்பு வலை இருந்தது. அதை வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை. உள்ளே நுழையும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்காக வாயிலைத் திறந்தபோது அவற்றோடு சேர்ந்து இவர்களும் நுழைந்துவிட்டார்கள்.

டுராண்ட் டெ லா பென்னே, பியாங்கி என்ற இருவரின் கலம் வேலியண்ட் போர்க்கப்பலை நெருங்கிய நேரத்தில் கடலடியில் விழுந்து நின்றுவிட்டது. பியாங்கியின் மூச்சுக் கருவி பழுதாகி அவர் மேலே வந்துவிட்டார். டெ லா பென்னே தனியாளாக, சேற்றுக்குள் ஒன்றும் தெரியாத நிலையில், அந்தப் பெரும் எடையை அங்குலம் அங்குலமாகக் கப்பலுக்கு அடியில் இழுத்தார். பிறகு மேலே வந்து, கப்பலைக் கட்டியிருந்த மிதவையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இருவரும் பிடிபட்டார்கள். அவர்களை வேலியண்டின் அடித்தளத்திலேயே அடைத்துவைத்தார்கள். அதாவது, தாங்கள் வைத்த வெடிக்கு அருகிலேயே. வெடிக்கச் சிறிது நேரமே இருந்தபோது டெ லா பென்னே கப்பல் தலைவர் சார்ல்ஸ் மார்கனிடம், ஆட்களை வெளியேற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வெடி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரைத் திரும்பவும் அடியில் கொண்டுபோய் அடைத்தார்கள். அவர் பிழைத்தார்.

வேலியண்ட், குயீன் எலிசபெத் ஆகிய இரண்டு பெரும் போர்க்கப்பல்களும் துறைமுகத்தின் அடியில் அமர்ந்தன. ஒரு எண்ணெய்க் கப்பலும் அதனருகே நின்ற ஜெர்விஸ் என்ற போர்க்கப்பலும் சேதமடைந்தன. ஆறு இத்தாலியரும் சிறைப்பட்டார்கள். தப்பிக் கரை ஏறிய ஒரு இணையரிடம் செலவுக்குக் கொடுத்திருந்த பிரிட்டிஷ் பவுண்டு நோட்டுகள் எகிப்தில் செல்லுபடியாகாதவை. எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டவர்கள், கரையில் ஒரு கடைக்காரர் எந்தப் பணத்தை வாங்குவார் என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த வரியை நான் எப்போது படித்தாலும் சற்று நேரம் நிற்கிறேன்.

1945இல் இத்தாலி நாஜி ஜெர்மனிக்கு எதிரான பக்கத்துக்கு வந்துவிட்டிருந்த காலத்தில், டெ லா பென்னேயின் மார்பில் வீரப் பதக்கத்தைக் குத்தியவர் அதே மார்கன்.

9.1.2025, இரவு 9.05

காலையில் எழுதியதற்கு ஒரு திருத்தம். "துறைமுகத்தின் அடியில் அமர்ந்தன" என்று நான் எழுதியதைச் சிலர் மூழ்கி அழிந்தன என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி அல்ல. ஆழம் குறைவாக இருந்ததால் கப்பல்கள் நிமிர்ந்தே நின்றன. மேல்தளம் நீருக்கு மேலே இருந்ததால் வானிலிருந்து படம் எடுத்த எதிரிக்குச் சேதத்தின் அளவு தெரியவில்லை. இரண்டும் பழுது நீக்கப்பட்டுப் பின்னர் மறுபடியும் கடலுக்கு வந்தன.

இன்னொன்று. டெசேயி இந்தக் கலத்தை வரைபடத்தில் மட்டும் உருவாக்கியவர் அல்லர். 1941 ஜூலையில் மால்டா துறைமுகத் தாக்குதலில் தாமே ஒன்றை ஓட்டிச் சென்று அங்கேயே உயிரிழந்தார்.

11.1.2025, காலை 7.30

கயிற்றைப் பற்றி. இதை எழுதத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன்.

சிறிய கலத்தால் நெடுந்தூரம் தானே போக முடியாது. யாராவது சுமந்து போக வேண்டும், அல்லது கட்டி இழுத்துப் போக வேண்டும். 1943 செப்டம்பரில் ஆறு எக்ஸ் கலங்களை ஆறு பெரிய நீர்மூழ்கிகள் ஸ்காட்லாந்திலிருந்து நார்வேயின் வடமுனை வரை ஆயிரம் கடல் மைலுக்கு மேல் கயிறு கட்டி இழுத்துச் சென்றன. முதன்மை இலக்கு, கோஃபியோர்டில் ஒளிந்திருந்த ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸ். இழுபடும் எட்டு நாளும் கலத்துக்குள் இருந்து அதைக் காத்தவர்கள், தாக்கப் போகும் குழுவினர் அல்லர்; அதற்கென்றே வேறு மூவர் ஒவ்வொன்றிலும் இருந்தார்கள். ஈரம், குளிர், தொடர்ந்து ஆட்டம், கையால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டிய சுவர்கள். இலக்கை நெருங்கியதும் தாக்குதல் குழு மாறி ஏறும். அதுவரை கலத்தைக் காத்து வந்தவர்கள் பெயர் எங்கும் பெரிதாக வராது.

சில கலங்களை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சிலவற்றை மணிலா நார்க் கயிற்றால். மணிலாக் கயிறுகள் அறுந்தன. எக்ஸ் 9 அப்படி அறுந்து, உள்ளே இருந்த மூவரோடும் போய்விட்டது. இழுத்துச் சென்ற நீர்மூழ்கியில் இருந்தவர்களுக்கு அது நேர்ந்த கணம் தெரியவே இல்லை. எதிரி அங்கே இல்லை. சண்டை தொடங்கவும் இல்லை. நனைந்து கனத்த கயிறு ஒன்று மூன்று பேரைக் கொன்றது.

எங்கள் வீட்டில் கயிறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பருத்தி நூல் வலையும் நார்க் கயிறும் இருந்த காலத்தையும் நைலான் வந்த காலத்தையும் அப்பா இரண்டு வாழ்க்கைகளைப் போலப் பிரித்துப் பேசுவார். பழைய கயிற்றை ஒவ்வொரு நாளும் காயப்போட்டு, முறுக்கைப் பிரித்து, உள்நூல் உளுத்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். வெளியே நன்றாகத் தெரியும் கயிறுதான் உள்ளே செத்திருக்கும் என்பார். நார்வேக் கடலில் நடந்ததை ஓர் இரவு நான் அவருக்குப் படித்துச் சொன்னபோது, கப்பலைப் பற்றியோ வெடியைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் கயித்த யாரு பாத்தது மக்களே?" என்று மட்டும் கேட்டார்.

புறப்பட்ட ஆறில் எக்ஸ் 6, எக்ஸ் 7 ஆகிய இரண்டு மட்டும் செப்டம்பர் 22 அன்று டிர்பிட்ஸின் அடியில் வெடிகளைப் போட்டன. கப்பல் மூழ்கவில்லை, ஆனால் மறு ஆண்டு வசந்தம் வரை அதனால் நகர முடியவில்லை. பிரிட்டனுக்கு ஒன்பது பேர் இழப்பு, ஆறு பேர் சிறை. அந்த ஒன்பதில் மூவர் கயிற்றுக்குப் போனவர்கள்.

11.1.2025, காலை 8.20

விட்டுப்போனது. அதற்கு ஓர் ஆண்டு முன், 1942 அக்டோபரில், அதே டிர்பிட்ஸை அடைய ஒரு மீன்பிடிப் படகையே பயன்படுத்தினார்கள். ஆர்தர் என்று பெயர். ஓட்டியவர் நார்வேஜியரான லெய்ஃப் லார்சன். மயாலேயைப் பார்த்து பிரிட்டன் செய்த சாரியட் கலங்கள் இரண்டைப் படகின் அடியில் தொங்கவிட்டு, மேலே எரிகரி ஏற்றிய எளிய படகைப் போல ஜெர்மன் சோதனையைத் தாண்டிவிட்டார்கள். இலக்குக்குச் சில மைல் முன்னால் கடல் கொந்தளித்து இரண்டும் அறுந்து விழுந்தன. படகைக் கடலில் மூழ்கடித்துவிட்டு, எல்லோரும் நடந்தே ஸ்வீடன் எல்லைக்குப் போனார்கள். வழியில் பிடிபட்ட ஒரு பிரிட்டிஷ் மாலுமியை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள்.

13.1.2025, மாலை 5.45

கேள்வி கேட்ட குளச்சல் வாசகர், "வரலாறு சரி, என் கேள்விக்கு விடை வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். நியாயம்.

முதலில் யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் வலைக்கு.

1998 ஜூன் 22 அன்று தென்கொரியாவின் சோக்சோ கடலில், வடகொரியாவின் சிறிய நீர்மூழ்கி ஒன்று மீனவர் விரித்திருந்த மிதவலையில் சிக்கிக்கொண்டது. எந்தப் போர்க்கப்பலும் அதைத் தேடிப் பிடிக்கவில்லை. கடற்படை இழுத்து வரும் வழியில் அது மூழ்கியது. தூக்கித் திறந்தபோது உள்ளே ஒன்பது உடல்கள் இருந்தன. அதற்கு முன் 1996 செப்டம்பரில் காங்னுங் கரையில் சற்றுப் பெரிய வடகொரிய நீர்மூழ்கி ஒன்று பாறையில் ஏறி நின்றதை முதலில் கவனித்தவர் ஒரு டாக்சி ஓட்டுநர். 2010 மார்ச் 26 அன்று சோனான் போர்க்கப்பல் உடைந்து 46 பேர் இறந்தார்கள். வடகொரியாவின் சிறிய நீர்மூழ்கி எய்த டார்பிடோதான் காரணம் என்று பன்னாட்டு விசாரணைக் குழு சொன்னது, வடகொரியா மறுத்தது. அந்த டார்பிடோவின் பின்பகுதி என்று காட்டப்பட்ட பொருளைக் கடலடியிலிருந்து வாரி எடுத்ததும் இழுவலைப் படகுகளே.

சிட்னி நிகழ்வு என்னை அதிகம் வருத்துவது. 1942 மே 31 இரவு ஜப்பானின் மூன்று இருவர் நீர்மூழ்கிகள் துறைமுகத்துக்குள் வந்தன. ஒன்று தடுப்பு வலையில் மாட்டித் தவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர் ஜேம்ஸ் கார்கில் என்ற காவலாள். தம் சிறு துடுப்புப் படகில் அருகே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பொது எச்சரிக்கை கொடுப்பதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மற்றொரு கலத்தின் டார்பிடோ கட்டபுல் என்ற தங்கு கப்பலைத் தாக்கி, அதிலிருந்த 21 மாலுமிகள் இறந்தார்கள்.

14.1.2025, இரவு 11.00

கார்கில் பெயரை எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன்.

2011இல் என் மைத்துனர் முட்டத்துக்குத் தெற்கே சுமார் 45 பாக (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்தில் வலை விட்டிருந்தபோது வலை எதிலோ மாட்டியது. இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. சற்று நேரத்தில் படகே நீவாட்டுக்கு எதிராக நகர்ந்ததாக அவரும் உடன் இருந்த நால்வரும் உறுதியாகச் சொன்னார்கள். "பாருல கொழுவினா வலை நிக்கும் அத்தான், இது நம்மளயில்லா இழுத்துது" என்றார். வலையை வெட்டிவிட்டுக் கரைக்கு வந்தார்கள். நானும் அவரோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் இடத்தைக் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்கவில்லை. வலைக்கு இழப்பீடு கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். ஒரு வரியும் எழுதப்படவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அது நீர்மூழ்கி அல்ல என்றே இப்போது நினைக்கிறேன். அடுத்த பருவத்தில் அதே கணியத்தில் வேறொரு படகின் வலையில் பழைய நங்கூரச் சங்கிலியின் துண்டு ஏறியது. படகு நகர்ந்ததாகத் தோன்றியது அடிநீவாடும் மேல்நீவாடும் எதிரெதிராக ஓடியதால் இருக்கலாம். ஆனால் அன்று அந்த அலுவலகத்துக்கு அது தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாத நிலையில் எழுதி வைப்பதுதானே வேலை.

17.1.2025, காலை 6.40

என் எண்ணத்தில் ஒரு மாற்றம். நம் கரையில் அலை உடையும் வேகத்தில் எந்தச் சிறு கலமும் ஆட்களை இறக்க முடியாது என்று வேறொரு நண்பருக்கு எழுதியிருந்தேன். தேங்காப்பட்டணத்திலிருந்து ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் சொல்வது சரி. நான் மேற்கிலிருந்து கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடி மாதக் கடலை மனத்தில் வைத்துப் பேசிவிட்டேன். தை, மாசியில் இதே கடல் குளத்தைப் போலக் கிடக்கும். கள்ளக்கடல் (காற்று இல்லாமலே திடீரென வரும் பேரலை) ஏறும் நாள்களைக் கழித்துவிட்டால் பல இரவுகள் அமைதியானவைதான். மேலும் 1741இல் டச்சுக்காரர்கள் படை இறக்கத் தேர்ந்தெடுத்த இடம் குளச்சல் என்பதை நாம் மறக்கக் கூடாது. கரை தானே காத்துக்கொள்ளும் என்ற என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

வலையைப் பற்றிய வாதத்தைத் திரும்பப் பெறவில்லை. அமைதியான இரவுகளில்தான் நம் வள்ளங்களும் விசைப்படகுகளும் அதிகம் கடலில் இருக்கின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலடியில் இருக்கும் வெட்ஜ் பேங்க் மேட்டிலிருந்து கரை வரை எங்கெங்கே வலை கிடக்கிறது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

20.1.2025, இரவு 9.20

தூத்தூர் நண்பருக்கு: நீங்கள் சுறா பிடிக்க மாலத்தீவுப் பக்கம் போனதைப் பற்றி எழுதியதைப் படித்தேன். இந்தப் பொருள் நமக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டிருந்தது என்பதற்கு அங்கே ஒரு சான்று கிடக்கிறது.

சிட்னிக்கு முந்தைய இரவு, 1942 மே 30 அன்று, மடகாஸ்கரின் டியேகோ சுவாரெஸ் துறைமுகத்திலும் ஜப்பானின் இருவர் நீர்மூழ்கி தாக்கியது. ராமிலிஸ் போர்க்கப்பல் சேதமடைந்தது. பிரிட்டிஷ் லாயல்டி என்ற எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. அந்த எண்ணெய்க் கப்பலைத் தூக்கி, மாலத்தீவின் தென்கோடியிலிருக்கும் அட்டு தீவுக்கூட்டத்துக்குக் கொண்டுவந்து எண்ணெய்க் கிடங்காக நிறுத்தினார்கள். 1944 மார்ச்சில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, வெளியே கடலில் இருந்தபடியே, தடுப்பு வலையின் இடைவெளி வழியாக டார்பிடோ எய்து அதைத் தாக்கியது. 1946இல் அங்கேயே அதை மூழ்கடித்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்று அதன் மேல் பவளம் வளர்ந்திருக்கிறது.

1944 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி திருகோணமலையிலிருந்து இரண்டு சாரியட்களைச் சுமந்து போய், தாய்லாந்தின் ஃபூகெட்டில் சுமத்ரா என்ற கப்பலை மூழ்கடித்தது. போன நால்வரும் உயிரோடு திரும்பினார்கள். வெதுவெதுப்பான கடல் அவர்களுக்கு உதவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

23.1.2025, காலை 6.00

இன்றைய நிலையைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கா உலர்ந்த வகையில் 60 டன் எடையுள்ள பெரிய கலம் ஒன்றைக் கட்டியது. 2008 நவம்பரில் பேர்ல் ஹார்பரில் பேட்டரி மின்னேற்றம் நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது, மறு ஆண்டு திட்டமே கைவிடப்பட்டது. அதன் பிறகு வந்த உலர்கலம் சுமார் 12 மீட்டர் நீளம்; இருவர் ஓட்ட, எட்டு வீரர்கள் வரை போகலாம்; பெரிய நீர்மூழ்கியிலிருந்து அல்ல, மேலே மிதக்கும் கப்பலிலிருந்து இறக்கப்படுகிறது. நம் நாட்டில் 1987இல் தொடங்கிய, கடற்படையின் சிறப்புப் படையான மார்க்கோஸ் இத்தாலியின் காஸ்மோஸ் நிறுவனம் செய்த இருவர் கலங்களைப் பயன்படுத்தியிருக்கிறது. பாகிஸ்தானும் அதே நிறுவனத்திடம் வாங்கியது. ஒரே பட்டறையின் கலங்கள் இரு கரைகளிலும்.

எண்பது ஆண்டுகளில் பேட்டரியும் வழிகாட்டியும் மாறிவிட்டன. குளிர் மாறவில்லை, யாராவது சுமந்து வந்துதான் ஆக வேண்டும் என்பதும் மாறவில்லை. குளச்சல் வாசகர் தேட வேண்டியது சிறு கலத்தை அல்ல, அதைச் சுமந்து வரும் பெரிய கப்பலை. அது நீருக்கு மேலே மிதப்பதானால் ரேடாருக்கும் தெரியும், நம் படகோட்டிகளுக்கும் தெரியும். வழக்கமில்லாத இடத்தில் விளக்கை அணைத்து நிற்கும் கப்பலை முதலில் பார்ப்பவர் எந்நாளும் தூண்டில் போட்டுக் காத்திருப்பவர்தான்.

26.1.2025, மாலை 6.30

நேற்று மைத்துனரின் படகுக்குப் போனேன். வலை கிழிந்த இடங்களை இப்போது அவருடைய மகன் ஜிபிஎஸ் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். தேதி, பாகம், நீவாட்டின் திசை எல்லாம் இருக்கின்றன. 2011இல் நடந்ததையும் தந்தையிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறான். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய இரண்டு எண்களும் அவர்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் இரவில் பதற்றத்தில் நினைவுக்கு வருமா என்று கேட்டேன். சக்கரத்துக்கு மேலே, நின்றால் கண்ணுக்கு நேராக வரும் பலகையில், வெள்ளைப் பெயிண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

26.1.2025, இரவு 7.10

ஒரு திருத்தம். நோட்டின் முதல் பக்கத்தில் 45 பாகம் இல்லை, 42 என்று இருக்கிறது. 14ஆம் தேதி நான் எழுதியதை அதற்கேற்பப் படிக்கவும்.